புவெனஸ் ஐரிஸில் தனியாக: முதல் வாரத்துக்கு ஒரு வழித்துணை

அர்ஜென்டினாவின் தலைநகர் புவெனஸ் ஐரிஸில் இறங்கிய அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு, நல்ல பசியோடு தெருமுனை உணவகம் ஒன்றுக்குள் நுழைந்தேன். விளக்கு எரிந்தது. ஆனால் நாற்காலிகளெல்லாம் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தன. தரையைத் துடைத்துக்கொண்டிருந்த பெரியவர் என்னைப் பார்த்து, கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, ஒன்பது விரல்களை விரித்தார். ஒன்பது மணிக்கு வா என்று அர்த்தம். நான் அறைக்குத் திரும்பிப் பிஸ்கட் தின்றுவிட்டுத் தூங்கிப்போனேன்.

இரண்டாம் நாளும் அப்படியே ஆனது. மூன்றாம் நாள்தான் புத்தி வந்தது. இந்த ஊருக்குத் தனியாக வருகிறவர் முதல் வேலையாக இதன் நேரத்துக்கு மாறிவிட வேண்டும். காலையில் கடைகள் சாவகாசமாகத் திறக்கும். மதியச் சாப்பாடு ஒரு மணிக்கு மேல். ஐந்திலிருந்து ஏழுக்குள் 'மெரியெந்தா', அதாவது நம்முடைய மாலை டிபன். இரவுச் சாப்பாடு ஒன்பதரை, பத்து. நாம் எட்டு மணிக்கே சாப்பிட்டுப் படுப்பவர்களாக இருந்தால் ஊரின் பாதியைப் பார்க்காமலே திரும்பிவிடுவோம். மதியம் மூன்று மணிக்கு அறைக்குப் போய் ஒன்றரை மணி நேரம் தூங்குங்கள். ஐந்து மணிக்குக் காபியும் ஏதாவது தின்பண்டமும். அப்புறம் இரவு பத்து மணிக்குப் பெரிய சாலைகளில் குடும்பம் குடும்பமாக, கிழவர் முதல் குழந்தை வரை நடப்பதைப் பார்க்கும்போது, தனியாக இருக்கிறோம் என்ற பயம் தானாகக் குறையும்.

கிளம்பும் முன்

விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. டெல்லியில் அர்ஜென்டினாவின் தூதரகமும் மும்பையில் துணைத் தூதரகமும் இருக்கின்றன. டிக்கெட் போடும் முன்பே அவர்களுடைய தளத்தைப் பாருங்கள். இந்தியாவிலிருந்து நேரடி விமானம் கிடையாது. பிரேசில் வழியாகப் போவதானால் அந்த நாட்டின் டிரான்சிட் விதியையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பலர் கோட்டை விடுகிற விஷயம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. அர்ஜென்டினாவுக்குள் நுழைய அதைக் கேட்பதில்லை. ஆனால் திரும்பி வரும்போது இந்தியாவில் கேட்பார்கள்; இந்திய அரசின் மஞ்சள் காய்ச்சல் நாடுகள் பட்டியலில் அர்ஜென்டினாவும் பிரேசிலும் இருக்கின்றன. சான்றிதழ் இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க விதி இருக்கிறது. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஊசி போட்டு 10 நாள் ஆன பிறகே சான்றிதழ் செல்லும், அதனால் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். இலங்கை, மலேசியா, சிங்கப்பூரிலிருந்து போகிறவர்கள் தங்கள் நாட்டு விதியைப் பார்த்துக்கொள்ளவும்.

பருவம் தலைகீழ். டிசம்பர், ஜனவரி கடும் வெயில். ஜூலை நல்ல குளிர். மார்ச் முதல் மே வரையும், செப்டம்பர் முதல் நவம்பர் வரையும் நடப்பதற்கு உகந்த மாதங்கள். நவம்பரில் ஹகராந்தா மரங்கள் ஊதாப் பூவாய்ச் சொரிகின்றன. என்னைக் கேட்டால் நவம்பருக்கே போங்கள்.

பணம்: பெசோவின் மதிப்பு ஓரிடத்தில் நிற்பதில்லை. அதனால் இங்கே நான் விலை எதுவும் எழுதப்போவதில்லை. எழுதினால் படிப்பதற்குள் பழசாகிவிடும். அமெரிக்க டாலர் கொண்டுபோங்கள், 100 டாலர் தாள்களாக, புதிதாக, கிறுக்கலும் கிழிசலும் இல்லாமல். சின்னத் தாள்களுக்கும் கசங்கிய தாள்களுக்கும் குறைவாகத்தான் தருவார்கள். ஃப்ளோரிதா தெருவில் 'காம்பியோ, காம்பியோ' என்று கூவி அழைப்பவர்களிடம் தெருவில் நின்று பணம் மாற்ற வேண்டாம். பெரும்பாலான கடைகளில் அட்டை செல்லும், ரொக்கமாகக் கொடுத்தால் தள்ளுபடி தருகிற கடைகளும் உண்டு. இரண்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இறங்கியதும்

சர்வதேச விமான நிலையம் எஸெய்ஸா, நகர நடுவிலிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல். 8-ஆம் எண் பஸ் மலிவாகக் கொண்டுவந்து விடும், ஆனால் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. முப்பது மணி நேரப் பயணத்துக்குப் பிறகு, பெட்டியோடு, தெரியாத ஊரில் அது வேண்டாம். நிலையத்துக்கு உள்ளேயே இருக்கும் டாக்சி கவுண்டரில் கட்டணம் பேசிப் பணம் கட்டிவிட்டு ஏறுங்கள். வாசலில் வந்து பெட்டியைப் பிடிக்கிறவர்களுக்கு 'நோ, கிராஸியாஸ்' போதும்.

தங்குவதற்கு முதல் முறை பலெர்மோ அல்லது ரெகொலெத்தா. இரண்டும் இரவிலும் நடமாட்டம் உள்ள பகுதிகள். சுரங்க ரயிலின் டி பாதை பக்கத்திலேயே ஓடுகிறது. சான் தெல்மோ அழகு, பழைய வீடுகள், கல் பாவிய தெருக்கள். ஆனால் இரவில் சில சந்துகள் வெறிச்சோடிவிடும். கொன்ஸ்தித்தூஸியோன், ஒன்ஸே ரயில் நிலையங்களைச் சுற்றி மலிவான அறைகள் கிடைக்கும். இருட்டிய பிறகு தனியாக நடக்க அவை ஏற்ற இடங்கள் அல்ல.

கட்டம் போட்ட ஊர்

நகரம் 203 சதுர கிலோமீட்டர், 48 பேட்டைகள், மக்கள் 31 இலட்சம். புறநகரையும் சேர்த்தால் ஒன்றரைக் கோடியை ஒட்டி வரும். கேட்டால் மலைப்பாக இருக்கிறது அல்லவா? ஆனால் இதைப்போல வழி கண்டுபிடிக்க எளிதான பெருநகரம் நான் பார்த்ததில்லை. பழைய நகரம் சதுரங்கப் பலகை மாதிரி வெட்டப்பட்டது. ஒரு கட்டத்தின் ஒரு பக்கம் 'குவாத்ரா', சுமார் நூறு மீட்டர். ஒரு குவாத்ராவுக்கு நூறு கதவு எண்கள். ரிவதாவியா என்ற நீளச் சாலை கிழக்கு மேற்காக ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. வடக்கு தெற்காக ஓடும் தெருக்கள் அந்த இடத்திலிருந்துதான் எண்ணத் தொடங்கும். அந்தச் சாலையைத் தாண்டியதும் பெயரும் மாறிவிடும்: வடக்கே ஃப்ளோரிதா, தெற்கே அதே தெரு பெரூ.

ஆகவே 'தெஃபென்ஸா 1100' என்றால் ரிவதாவியாவிலிருந்து தெற்கே பதினோரு கட்டம். கிழக்கு மேற்குத் தெருக்களில் எண்கள் ஆற்றுப் பக்கத்திலிருந்து தொடங்கி மேற்கே ஏறும். 'கொரியெந்தெஸ் 1300' என்றால் ஒபெலிஸ்கோ தூணைத் தாண்டி இரண்டு மூன்று கட்டம் மேற்கே. இதை மனத்தில் வாங்கிக்கொண்டால், கைபேசியை நடுத்தெருவில் எடுத்து வரைபடம் பார்க்கிற வேலையே குறைந்துவிடும். கைபேசி பறிப்புதான் இந்த ஊரில் பயணிகளுக்கு நேரும் முதல் தொல்லை என்பதால், இந்தக் கணக்கு உங்கள் பாதுகாப்புக்கும்தான்.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. இங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடும். 1945 வரை நம்மைப்போல இடப்பக்கம்தான் ஓடின, அப்புறம் மாற்றிவிட்டார்கள். சுரங்க ரயில் இன்றைக்கும் இடப்பக்கமே ஓடுகிறது. சாலையைக் கடக்கும்போது முதலில் இடப்பக்கம் பாருங்கள். 9 தெ ஹூலியோ அவென்யூ அவ்வளவு அகலம் என்பதால் ஒரே பச்சை விளக்கில் கடக்க முடியாது, நடுவில் நின்று அடுத்த விளக்குக்குக் காத்திருங்கள். நடைபாதைக் கற்களையும் கவனியுங்கள். மழை நின்ற பிறகு, ஆடுகிற கல்லில் கால் வைத்தால் அடியில் தேங்கிய அழுக்குத் தண்ணீர் முழங்கால் வரை பீய்ச்சும். ஊர்க்காரர்கள் அந்தக் கற்களைத் தாண்டித் தாண்டி நடப்பது ஒரு தனி நடை.

பஸ்ஸும் சுப்டேவும்

முதல் நாளே 'சூபே' அட்டை ஒன்று வாங்கிவிடுங்கள். சுரங்க ரயில் நிலையங்களிலும் கியோஸ்கோ என்னும் பெட்டிக்கடைகளிலும் கிடைக்கும். பஸ், சுரங்க ரயில், புறநகர் ரயில் மூன்றுக்கும் அதே அட்டை. பணம் ஏற்றுவதும் கியோஸ்கோவிலேயே, ரொக்கம் கொடுத்து.

சுரங்க ரயிலுக்கு 'சுப்டே' என்று பெயர். 1913-இல் ஓடத் தொடங்கியது. லத்தீன் அமெரிக்காவிலேயே முதலாவது. ஏ பாதையில் பெரூ நிலையத்தில் ஒருமுறை இறங்கிப் பாருங்கள், பழைய தோற்றத்தை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். சுப்டே இரவு பதினொரு மணிவாக்கில் நின்றுவிடும். பஸ்கள் இரவு முழுக்க ஓடும்.

பஸ் ஏறுவதற்கு ஒரு முறை இருக்கிறது. நிறுத்தத்தில் மக்கள் வரிசையில் நிற்பார்கள். நீங்களும் கடைசியில் போய் நில்லுங்கள். உங்கள் எண் வந்தால் கையை நீட்டுங்கள், நீட்டாவிட்டால் நிற்காமல் போய்விடும். ஏறியதும் ஓட்டுநரிடம் இறங்கும் இடத்தைச் சொல்ல வேண்டும். அவர் பொத்தானை அழுத்திக் கட்டணம் போடுவார், அதன் பிறகே அட்டையை வைக்க வேண்டும். நான் முதல் தடவை சொல்லாமலே அட்டையை வைத்துக்கொண்டு நின்றேன். ஓட்டுநர் பொறுமையாக இரண்டு தடவை கேட்டார், பின்னால் நின்ற பாட்டி எனக்காகப் பதில் சொன்னார். இறங்குவது பின்வாசலில், மணியடித்து. கூட்டத்தை விலக்க 'பெர்மிசோ' என்று மெதுவாகச் சொன்னால் வழி விடுவார்கள்.

மொழி பற்றி இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஊர் ஸ்பானிஷில் 'ய' வரவேண்டிய இடத்தில் 'ஷ' வரும். தெருவுக்கு 'காயே' என்று செயலியில் படித்திருப்பீர்கள், இங்கே அது 'காஷே'. 'மாயோ' சதுக்கம் 'மாஷோ' ஆகும். கடைக்குள் நுழையும்போது 'புவெனாஸ்' என்று சொல்லிவிட்டுப் பேசத் தொடங்குங்கள். வணக்கம் சொல்லாமல் விலை கேட்டால் முகம் சுருங்கும்.

முதல் நடை

முதல் நாள் பிளாஸா தெ மாயோவில் தொடங்குங்கள். இளஞ்சிவப்பு ஜனாதிபதி மாளிகை காஸா ரொஸாதா, எதிர்முனையில் கபில்தோ என்னும் பழைய நகரசபைக் கட்டடம், பக்கத்தில் விடுதலை வீரர் சான் மார்த்தினின் கல்லறை உள்ள பேராலயம். அங்கிருந்து அவெனீதா தெ மாயோ வழியாக நாடாளுமன்றம் வரை ஒன்றரைக் கிலோமீட்டர், நேர் கோடு. அவசரப்படாமல் நடந்தால் ஒரு காலைப்பொழுது.

முடிந்தால் வியாழக்கிழமை மதியம் மூன்றரைக்கு அந்தச் சதுக்கத்தில் இருங்கள். 1976 முதல் 1983 வரை நடந்த ராணுவ ஆட்சியில் பிள்ளைகள் காணாமல் போனார்கள். தேடி அலைந்த தாய்மார் சிலர் 1977 ஏப்ரல் 30 அன்று இங்கே கூடினார்கள். கூட்டமாக நிற்கக் கூடாது, நடங்கள் என்று போலீஸ் விரட்டியதால், நடுவிலுள்ள தூணைச் சுற்றி நடக்கத் தொடங்கினார்கள். தலையில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு வியாழன்தோறும் நடந்தார்கள். காணாமல் போனவர்கள் 30,000 பேர் என்று மனித உரிமை அமைப்புகள் சொல்கின்றன. அந்த வெள்ளைத் துணி, தூணைச் சுற்றித் தரையில் வரையப்பட்டிருக்கிறது. காணாமல் போனவர்களின் படங்களைப் பிடித்தபடி நடக்கும் வரிசையைப் பார்த்தபோது எனக்கு வடக்கு இலங்கையில் சாலையோரக் கொட்டகையில் படங்களோடு உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள் ஞாபகம்தான் வந்தது. வரிசையில் நீங்களும் சேர்ந்து நடக்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். மிக நெருங்கி முகத்துக்கு நேரே படம் எடுக்க வேண்டாம்.

மற்ற இடங்களை உங்கள் ருசிக்கு ஏற்ப அடுக்கிக்கொள்ளுங்கள். முன்னாள் ஜனாதிபதி பெரோனின் மனைவி ஈவா பெரோன் அடக்கமான ரெகொலெத்தா கல்லறைத் தோட்டம். 1908-இல் திறந்த இசைநாடக அரங்கு தியேத்ரோ கொலோன். கச்சேரி பார்க்க ஆசை, பணம் குறைவு என்றால் எல்லாவற்றுக்கும் மேலே 'பராயீஸோ' என்ற சொர்க்க மாடத்தில் நின்றபடி கேட்கும் டிக்கெட் விசாரியுங்கள். சாந்தா ஃபே சாலையில் 1919-ஆம் ஆண்டு நாடக அரங்கு ஒன்று முழுதாகப் புத்தகக்கடையாக இருக்கிறது, பெயர் எல் அதெனேயோ கிராண்ட் ஸ்பிளெண்டிட். பழைய மாடங்களில் உட்கார்ந்து புரட்டிப் படிக்க விடுகிறார்கள். மழை நாளுக்கு ஒதுக்கி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமையை மட்டும் சான் தெல்மோவுக்குக் கொடுத்துவிடுங்கள்: தெஃபென்ஸா தெரு முழுக்கச் சந்தை, பிளாஸா தொரேகோ வரை.

லா போகாவின் வண்ணத் தகர வீடுகள் உள்ள கமினீத்தோவுக்குப் பகலில் போய்ப் பகலிலேயே திரும்புங்கள். 29, 64, 152 பஸ்கள் போகும். அந்த இரண்டு மூன்று தெருக்களை விட்டு வெளியே உலாவ வேண்டாம்.

தனியாளின் மேசை

இந்த ஊரைத் தனியாகப் போகிறவருக்கு நான் சிபாரிசு செய்வதற்குப் பெரிய காரணம் இதன் காபிக்கடைகள். 1858-இல் தொடங்கிய தொர்தோனி புகழ்பெற்றது, வாசலில் வரிசை நிற்கும். நீங்கள் உங்கள் அறைக்குப் பக்கத்து முனைக்கடையைப் பிடியுங்கள். ஜன்னலோர மேசை. 'ஊன் கொர்தாதோ' என்று கேட்டால் சின்னக் கோப்பையில் பால் கொஞ்சம் விட்ட காபி, கூடவே விரல் உயரக் கண்ணாடிக் குவளையில் சோடா, தட்டோரம் ஒரு குட்டி பிஸ்கட். அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்காரலாம். யாரும் வந்து 'வேறென்ன வேண்டும்' என்று விரட்டுவதில்லை. பில்லை நாம் கேட்காமல் கொண்டுவருவதும் இல்லை. சுற்றிலும் பாதி மேசைகளில் ஒற்றை ஆட்கள், செய்தித்தாளோடு. தனியாகச் சாப்பிடும் பெண்ணைத் திரும்பிப் பார்க்காத ஊர் இது. மூன்று நாள் அதே மேசைக்குப் போனால் நான்காம் நாள் கேட்காமலே கொர்தாதோ வரும்.

சைவர்களுக்குச் சில நுணுக்கங்கள். 'கார்னே' என்றால் இங்கே மாட்டிறைச்சி மட்டும். 'கார்னே வேண்டாம்' என்றால் கோழியோ பன்றித் தொடையோ வந்து சேரும். 'சோய் வெஹெத்தாரியானா' (ஆண்கள் 'வெஹெத்தாரியானோ') என்று சொல்லிவிட்டு, 'சின் போஷோ, சின் ஹமோன்' என்று கோழியையும் பன்றியையும் பெயர் சொல்லி விலக்குங்கள். பிறை வடிவ ரொட்டி மெதியலூனாவில் இரண்டு வகை: 'மந்தேகா' வெண்ணெய், 'கிராஸா' மாட்டுக் கொழுப்பு. கேட்டு வாங்குங்கள். எம்பனாதா நம் சோமாசி மாதிரி இருக்கும். கடையில் எல்லாம் ஒரே தட்டில் கிடந்தாலும் ஓரத்து மடிப்பைப் பார்த்து உள்ளே என்ன என்று கண்டுபிடிப்பார்கள்: கயிறு முறுக்கியதுபோல் மடித்தால் ஒன்று, முள்கரண்டியால் அழுத்தினால் வேறொன்று. கடைக்குக் கடை மடிப்பு மாறும், அதனால் நீங்கள் 'உமீத்தா' என்று கேளுங்கள், சோளக் கலவை. மாவிலும் கொழுப்பு சேர்ப்பது உண்டு என்பதைக் கண்டிப்பான சைவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

என்னைக் காப்பாற்றியது கொரியெந்தெஸ் சாலைப் பீட்சா. 1932 முதல் நடக்கும் குவெரீனில் முன்பக்கம் நின்று சாப்பிடும் மேடை இருக்கிறது. ஒரு துண்டு மொஸரேலா பீட்சா, அதன்மேல் ஒரு துண்டு ஃபைனா. ஃபைனா என்பது கடலை மாவைக் கரைத்து எண்ணெய் விட்டுச் சுட்டது. இத்தாலியின் ஜெனோவாவிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்தது. முதல் வாய் வைத்ததும், மிளகு தூவிய கடலைமாவு அடை நாக்கில் பட்டது. இரண்டு கண்டம் தாண்டி அந்த வாசனை வந்தது எனக்குப் பெரிய ஆறுதல்.

தாங்கோ பார்க்க, ஆட

மேடை நிகழ்ச்சிகளுக்குப் பெரிய பணம் செலவழிக்கும் முன் ஒரு மிலோங்காவுக்குப் போங்கள். ஊர்க்காரர்கள் தாங்களே ஆடும் கூடம் அது. பெல்கிரானோ பகுதியில் பூங்கா மண்டபம் ஒன்றில், லா க்ளோரியேத்தா என்று, திறந்தவெளியில் ஆடுவார்கள். ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாம். அழைப்பு கண்ணால்தான். தூரத்திலிருந்து பார்வை சந்தித்து, லேசாகத் தலையசைத்தால் சம்மதம். இதற்குக் 'கபெஸேயோ' என்று பெயர். ஆட விருப்பமில்லையா, பார்வையை வேறு பக்கம் வையுங்கள், அவ்வளவே போதும். ஒருவருக்கும் அவமானம் இல்லை. மூன்று நான்கு பாட்டுகள் சேர்ந்தது ஒரு 'தாந்தா'. நடுவில் 'கிராஸியாஸ்' என்று சொல்லிவிடாதீர்கள். நன்றி என்றால் இங்கே 'போதும், நிறுத்திக்கொள்வோம்' என்று பொருள். இடையில் வேறு வகை இசை சிறிது நேரம் ஒலிக்கும்போதுதான் ஜோடிகள் பிரிவார்கள்.

ஓஹோ!

ஒருநாள் நடைபாதை ஓரத்தில் நின்று கைபேசியில் பஸ் எண் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே வந்த அம்மாள் ஒருவர் நின்று, ஆள்காட்டி விரலால் தன் கண்ணுக்குக் கீழே இழுத்துக் காட்டி 'ஓஹோ' என்றார். நம் ஓஹோ இல்லை; ஸ்பானிஷில் கண் என்று பொருள், 'பார்த்து இரு' என்ற எச்சரிக்கை. மோட்டார் சைக்கிளில் வந்து பறித்துப் போகிறவர்கள் உண்டு. கைபேசி பார்க்க வேண்டுமானால் கடைக்குள் நுழைந்துவிடுங்கள். காபிக்கடையில் பையை நாற்காலி முதுகில் மாட்டாமல் மடியில் வையுங்கள். உங்கள் சட்டையில் எங்கிருந்தோ சாஸ் தெறித்து, உடனே ஒருவர் துடைத்துவிட ஓடி வந்தால், துடைக்க விடாமல் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்துகொண்டே இருங்கள். பழைய தந்திரம் அது. இரவில் உள்தெருவை விட்டுவிட்டு, கியோஸ்கோ விளக்குகள் எரியும் அவென்யூ வழியாகச் சுற்றிப் போங்கள். போலீசுக்கு 911, ஆம்புலன்ஸுக்கு 107.

ஒருநாள் ஊருக்கு வெளியே

ஆறாவது ஏழாவது நாளில் ரெதீரோ நிலையத்தில் மித்ரே பாதையின் தீக்ரே ரயிலில் ஏறுங்கள். அதே சூபே அட்டை. வழியில் பெக்காரில் இறங்கினால் எழுத்தாளர் விக்டோரியா ஒகாம்போவின் வீடு, இப்போது யுனெஸ்கோ வசம். 1924 நவம்பரில் பெருவுக்குப் போகும் வழியில் தாகூர் இந்த ஊரில் நோய்ப்பட்டு இறங்கியபோது, ஒகாம்போதான் பக்கத்தில் சான் இசீத்ரோவில் ஆற்றைப் பார்த்த ஒரு வீட்டை எடுத்து அவரை இரண்டு மாதம்போல வைத்துப் பார்த்துக்கொண்டார். 'பூரபி' கவிதைத் தொகுப்பை அவர் 'விஜயா' என்று அழைத்த ஒகாம்போவுக்கே சமர்ப்பித்தார். வீடு எல்லா நாளும் திறந்திருக்காது, கிளம்பும் முன் நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுபடி ரயிலேறிக் கடைசி நிலையம் தீக்ரே. ரெதீரோவிலிருந்து மொத்தம் ஒரு மணி நேரம். அங்கே தெருவுக்குப் பதில் வாய்க்கால்கள், மரப்படகுகள்தான் பஸ். சுற்றுலாப் படகை விட்டுவிட்டு, தீவு மக்கள் காய்கறி மூட்டையோடு ஏறும் 'லாஞ்சா கொலெக்தீவா'வில் ஏறுங்கள். டிக்கெட் வாங்கும்போதே கடைசிப் படகு எத்தனை மணிக்குத் திரும்பும் என்று கேட்டு, தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பும் நேரம் ஆனதும் தீவின் படகுத்துறைப் பலகைமேல் நின்று, பஸ்ஸுக்கு நீட்டியதுபோலவே கையை நீட்ட வேண்டும். படகு ஒதுங்கி வந்து நிற்கும்.